50 பிரசவத்துக்கு ஒரு தாய் பலி! இலங்கை அதை மாற்றியது எப்படி?

பிரசவம் பெண்ணுக்கு மறுபிறவி என்று நம் பாட்டிமார் சொல்வார்கள். பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. கண்ணால் கண்டதைச் சொன்னார்கள்.

பக்கத்துத் தீவான இலங்கையின் கணக்கைப் பாருங்கள். 1935 வாக்கில், அங்கு ஒரு லட்சம் குழந்தைகள் பிறந்தால், 2 ஆயிரத்துக்கும் அதிகமான தாய்மார்கள் இறந்து போனார்கள். அதாவது, 50 பிரசவத்துக்கு ஒரு தாய்!

இன்று? லட்சத்துக்குச் சுமார் 30 பேர்தான்.

இலங்கை பணக்கார நாடு அல்ல. பிறகு எப்படி முடிந்தது?

நாலு எமன்கள்

தாயின் உயிரைப் பறிப்பவை முக்கியமாக மூன்று. ரத்தப்போக்கு, ஜன்னி, வலிப்பு.

குழந்தை பிறந்த பிறகு ரத்தம் நிற்காவிட்டால், இரண்டு மணி நேரத்தில்கூட உயிர் போய்விடும். சுத்தம் இல்லாத கையால் பிரசவம் பார்த்தால், கிருமி புகுந்து ஜன்னி காணும். ரத்தக் கொதிப்பு ஏறினால் வலிப்பு வரும்.

இலங்கையில் நாலாவது எமனும் இருந்தான். அவன் பெயர் மலேரியா. 1934-35ல் அந்தக் காய்ச்சல் சுமார் 80 ஆயிரம் பேரை விழுங்கியது. தப்பிப் பிழைத்த கர்ப்பிணிகளும் ரத்தம் சுண்டி வெளுத்துப் போனார்கள். உடம்பில் ரத்தம் இல்லாதவளுக்குப் பிரசவத்தில் கொஞ்சம் போனாலும் ஆபத்துதானே?

உலக யுத்தம் முடிந்ததும் வீடு வீடாக டி.டி.டி. மருந்து அடித்தார்கள். கொசு குறைந்தது. (மலேரியா நடுவில் மறுபடி தலைகாட்டியது. அடியோடு ஒழிந்ததாக 2016ல்தான் உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்தது.) பெனிசிலின் வந்தது. ஜன்னி அடங்கியது. 1950ல் சாவு, லட்சத்துக்கு 600க்கும் கீழே இறங்கிவிட்டது!

வீடு தேடி வந்த மாது

மருந்து மட்டும் போதுமா? அதைக் கொண்டு சேர்க்க ஆள் வேண்டாமா?

1926ல் களுத்துறையில் முதல் சுகாதாரப் பிரிவு தொடங்கப்பட்டது. பிறகு மற்ற ஊர்களுக்கும் பரவியது. பயிற்சி பெற்ற பெண்கள் கிராமங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். அங்கே அவர்களை 'மருத்துவ மாது' என்கிறார்கள்.

ஒவ்வொரு மாதுக்கும் ஒரு பகுதி உண்டு. அங்கே எந்த வீட்டில் யார் கர்ப்பம் என்பது அவருக்குத் தெரியும். பெயரைப் பதிவேட்டில் எழுதுவார். வீடு தேடிப் போவார். கை கால் வீக்கம் கண்டால் உடனே டாக்டரிடம் அனுப்புவார். குழந்தை பிறந்த பிறகும் வந்து பார்ப்பார்.

அரசாங்க ஆஸ்பத்திரியில் காசு வாங்குவது இல்லை. 1945ல் இலவசக் கல்வியும் வந்தது. படித்த பெண்ணிடம், "வீக்கம் தானாக வடிந்துவிடும்" என்ற பேச்சு எடுபடுமா? இன்று அங்கே 100 பிரசவத்தில் 99க்கு மேல் ஆஸ்பத்திரியில்தான்.

இன்னொன்றும் செய்தார்கள். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். பிரசவத்தில் ஒரு தாய் இறந்தால், விசாரணை நடக்கும். யாரையும் தண்டிப்பதற்கு அல்ல. வீட்டார் தாமதித்தார்களா? வண்டி கிடைக்கவில்லையா? ஆஸ்பத்திரியில் ரத்தம் இல்லையா? செத்த பிறகு கேட்டு என்ன பயன் என்று தோன்றலாம். அடுத்து வருகிறவள் பிழைப்பாளே!

தோட்டத்துப் பெண்கள்

ஆனால், எல்லோருக்கும் ஒரே நாளில் விடிந்துவிடவில்லை.

மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்தவர்கள், தமிழ்நாட்டிலிருந்து போனவர்களின் சந்ததியார். அவர்களுடைய வைத்தியம் தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பில் இருந்தது. நாட்டின் மற்றப் பகுதிகளில் சாவு குறைந்தபோதும், தோட்டங்கள் பின்தங்கியே கிடந்தன. இடுப்பு வலி கண்டவளை லாரியில் ஏற்றி, வளைந்த மலைப்பாதையில் இறக்க வேண்டியிருந்தது.

1970க்குப் பிந்திய ஆண்டுகளில் தோட்டங்கள் அரசுடைமை ஆயின. அதற்குப் பிறகுதான் அரசாங்க மருத்துவ மாது, மெல்ல மெல்ல, லயத்து வாசலுக்கு வந்து சேர்ந்தார்.