சூட்டுக்கொட்டை சொல்லும் கணக்கு

இடைவேளை மணி அடித்த சற்று நேரத்தில் பள்ளித் தாழ்வாரத்தில் அந்தச் சத்தம் கேட்கும். சரட், சரட் என்று சிமென்ட் தரையில் எதையோ தேய்க்கும் சத்தம். பத்து விநாடி போனால், "டீச்சர், இவன் சுட்டுட்டான்!" என்று ஓர் அலறல். சூட்டுக்கொட்டை இன்னும் வழக்கொழியவில்லை. கோலிக்குண்டு போலக் கெட்டியான அந்த விதையைத் தரையில் வேகமாக நாலு இழுப்பு இழுத்து, அசந்து நிற்பவன் கையில் வைத்து ஓர் அழுத்து. சுடப்பட்டவன் துரத்துவான், சுட்டவன் ஓடுவான். இதில் விதிமுறை, வெற்றி தோல்வி எதுவும் கிடையாது.

மறுபடி மணி அடிக்கும். அதே பிள்ளைகள் கைகட்டி உட்கார்ந்து, "வேலை செய்வதற்கான திறமையே ஆற்றல்" என்று ஒரே ராகத்தில் ஒப்பிப்பார்கள். தாழ்வாரத்தில் பத்து நிமிடம் முன்பு நடந்ததும் இதுவும் ஒன்றுதான் என்று அவர்களுக்குத் தோன்றாது. தோன்றும்படி நாம் சொல்லியும் கொடுக்கவில்லை.

இந்தக் குறை நம் ஊருக்கு மட்டும் உரியதல்ல. 1966-ல் அமெரிக்க அறிவியல் ஆசிரியர்கள் கூட்டத்தில் பேசிய இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபெய்ன்மன், ஒன்றாம் வகுப்புப் பாடநூல் ஒன்றைப் பிடிபிடியென்று பிடித்தார். அதில் சாவி கொடுத்தால் ஓடும் பொம்மை நாய், நிஜ நாய், மோட்டார் சைக்கிள் எனப் படங்கள். இதை ஓட வைப்பது எது என்ற கேள்வி. எல்லாவற்றுக்கும் ஒரே விடை: ஆற்றல். அதற்குப் பதில் கடவுள் ஓட வைக்கிறார் என்று சொன்னாலும் பிள்ளைக்கு இதே அளவுதான் புரிந்திருக்கும் என்றார் அவர். பொம்மையைப் பிரித்து உள்ளே இருக்கும் சுருள்வில்லையும் பல்சக்கரங்களையும் பார்க்கட்டும் என்பது அவர் கட்சி.

என் கட்சியும் அதுதான், கொஞ்சம் மாற்றத்தோடு. பிரித்துப் பார்த்த பிறகு பிள்ளை இரண்டே கேள்வி கேட்கப் பழக வேண்டும். யாரிடம் குறைந்தது? யாரிடம் கூடியது? மளிகைக் கடை நோட்டில் வரவு, செலவு எழுதுவது போல. ஆற்றல் என்ற சொல்லையே முதல் இரண்டு வாரம் உச்சரிக்காமல் இருந்தாலும் மோசம் போகாது.

கேரம் போர்டு இதற்கு வாகான கருவி. பவுடர் தூவி, நடுவில் ஒரு வெள்ளைக் காயை வையுங்கள். அதே எடையுள்ள கறுப்புக் காயால் நேராக நெற்றியில் அடித்தது போல அடியுங்கள். கறுப்பு அங்கேயே ஆணி அடித்தாற்போல் நின்றுவிடும். வெள்ளை கிளம்பிப் போகும், ஏறத்தாழ கறுப்பு வந்த அதே வேகத்தில். "இது தன் ஓட்டத்தை அதுக்குக் குடுத்துட்டு நின்னுடுச்சு சார்" என்று நாலாம் வகுப்புப் பையன் சொன்னதைவிடத் துல்லியமாக நான் சொல்லிவிட முடியாது.

அடுத்து ஸ்ட்ரைக்கரால் அடிக்கச் சொன்னால்தான் வகுப்பு சூடுபிடிக்கும். போட்டி விதிப்படி ஸ்ட்ரைக்கர் 15 கிராமுக்கு மேல் இருக்கக் கூடாது; காய் சுமார் 5 கிராம். நேராக அடி விழுந்தால் காய், ஸ்ட்ரைக்கர் வந்த வேகத்தைவிட அதிக வேகத்தில் பறக்கும். ஸ்ட்ரைக்கரோ நிற்காமல் பின்னாலேயே மெதுவாக உருண்டு, இல்லை, வழுக்கிக்கொண்டு போகும். "அடிச்சதைவிட அடி வாங்கினது வேகமா போகுதே, அந்த எக்ஸ்ட்ரா எங்கிருந்து வந்துச்சு?" இந்தக் கேள்வி ஒரு பிள்ளை வாயிலிருந்து வந்துவிட்டால் அன்றைய வகுப்பு பலித்தது என்று அர்த்தம்.

எக்ஸ்ட்ரா எங்கிருந்தும் வரவில்லை. மோதலில் இழப்பே இல்லை என்று வைத்துக்கொண்டால், காய் ஸ்ட்ரைக்கர் வந்ததைப் போல ஒன்றரை மடங்கு வேகத்தில் போகும். ஸ்ட்ரைக்கருக்கு அரை மடங்கு வேகம் மிஞ்சும். ஸ்ட்ரைக்கர் நாலு பங்கு ஆற்றலோடு வந்தது. மூன்று பங்கைக் கொடுத்தது, ஒரு பங்கை வைத்துக்கொண்டது. காய் எடை குறைந்தது என்பதால் அந்த மூன்று பங்கே அதை விரட்டப் போதும். இந்தப் பெருக்கல் வகுத்தல் எல்லாம் நமக்கு, பிள்ளைகளுக்கு இல்லை. அமெரிக்காவில் 2013-ல் வெளியான அடுத்த தலைமுறை அறிவியல் தரநிலைகள் மோதலில் ஆற்றல் கைமாறுவதை நாலாம் வகுப்பிலேயே வைத்திருக்கின்றன. ஆனால் அந்த வயதில் அதை எண்ணால் கணக்கிட்டுக் காட்டச் சொல்லக் கூடாது என்று வரம்பும் கட்டியிருக்கின்றன. நல்ல வரம்பு.

சூடு என்று வரும்போது கணக்கு கொஞ்சம் முரண்டு பிடிக்கும். 30 டிகிரித் தண்ணீர் ஒரு டம்ளர், 60 டிகிரித் தண்ணீர் ஒரு டம்ளர். சேர்த்து ஊற்றினால் எவ்வளவு? கூட்டல் நன்றாகத் தெரிந்த பிள்ளைகள்தான் முதலில் கை தூக்கி "தொண்ணூறு" என்பார்கள். வெப்பமானி 45-க்குக் கொஞ்சம் கீழே நிற்கும். கொஞ்சம் ஏன் குறைந்தது? ஊற்றிய பாத்திரத்தைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். எவர்சில்வரும் தன் பங்கை எடுத்துக்கொண்டிருக்கும்.

அடுத்த கேள்வி பெரியவர்களையும் கவிழ்த்துவிடும். ஐஸ் கட்டி மீது கம்பளியைப் போர்த்தினால் சீக்கிரம் உருகுமா, மெதுவாகவா? கம்பளி சூடு தரும் என்று நாம் எல்லாரும் பேசிப் பேசிப் பழகிவிட்டோம். கம்பளி எதையும் தராது. சூடு போகும் வழியை அடைக்கும், அவ்வளவே. நம் உடம்பில் போர்த்தினால் உள்ளிருக்கும் சூடு வெளியே போகாது. ஐஸில் போர்த்தினால் வெளியிலிருக்கும் சூடு உள்ளே வராது. குளிர் என்று ஒன்று கிளம்பி எங்கும் போவதில்லை. சூடான பொருளிடமிருந்து குளிர்ந்த பொருளுக்குத்தான் வெப்பம் தானாகப் போகும்.

இதை நம்பிப் பணம் போட்டவர் பாஸ்டன் வணிகர் ஃபிரெடரிக் டியூடர். 1833-ல் அவர் கல்கத்தாவுக்கு அனுப்பிய கப்பலில் சுமார் 180 டன் ஐஸ் ஏற்றப்பட்டது. பூமத்திய ரேகையை இரண்டு முறை தாண்டி, நாலு மாதம் கழித்து அது வந்து சேர்ந்தபோது சுமார் 100 டன் மிச்சம் இருந்தது. அவருடைய ஐஸ் வணிகத்தில் சூட்டுக்கு வழியடைத்தது மரத்தூள். சென்னைக் கடற்கரையில் 1842-ல் அவர் கட்டிய ஐஸ் ஹவுஸ் இன்று விவேகானந்தர் இல்லமாக நிற்கிறது. மெரினாவுக்குச் சுற்றுலா அழைத்துப் போகும் பள்ளிகள் அதன் வாசலில் ஐந்து நிமிடம் பேருந்தை நிறுத்தினால் ஒரு பாடம் முடிந்துவிடும்.

சரி, தேய்த்தால் ஏன் சூடு வருகிறது? பதினெட்டாம் நூற்றாண்டில் வெப்பம் என்பது பொருளுக்குள் ஒளிந்திருக்கும் ஒருவகைத் திரவம் என்று நம்பினார்கள். மியூனிக்கில் பீரங்கி வார்க்கும் ஆலையைக் கவனித்துவந்த ரம்ஃபோர்டு பிரபுவுக்கு அதில் சந்தேகம். மழுங்கிய துளைகருவி ஒன்றைப் பீரங்கி உலோகத்தின் மீது அழுத்தி, அந்த உலோகத்தைக் குதிரைகளைக் கொண்டு சுழலவைத்தார். சுற்றிலும் தண்ணீர்த் தொட்டி. இரண்டரை மணி நேரத்தில், நெருப்பே இல்லாமல் தண்ணீர் கொதித்தது. பார்த்தவர்கள் வாயடைத்து நின்றார்கள். தேய்க்கத் தேய்க்கச் சூடு வந்துகொண்டே இருக்கிறதே, உள்ளே இருந்த திரவம் என்றால் ஒரு கட்டத்தில் தீர்ந்துபோக வேண்டாமா என்று 1798-ல் எழுதினார். சூட்டுக்கொட்டை விளையாடியவன் எவனும் கேட்டிருக்கக்கூடிய கேள்வி. அதே கட்டுரையில் ஒரு குறும்பான குறிப்பும் உண்டு: வெறும் சூடுதான் வேண்டுமென்றால், குதிரை தின்ற தீவனத்தை எரித்திருந்தால் இன்னும் அதிகம் கிடைத்திருக்கும்!

கொட்டைக்கு வருவோம். தேய்க்கும்போது தரையும் சூடாகிறது. ஆனால் தரையில் இடம் மாறிக்கொண்டே போகிறது. கொட்டையிலோ ஒரே முகம்தான் திரும்பத் திரும்பத் தேய்படுகிறது. விதையின் உடம்பு வெப்பத்தைச் சுலபத்தில் கடத்தாது என்பதால் சூடு அந்த முகத்திலேயே தங்கிவிடுகிறது. பிடித்திருக்கும் விரல் சுடாது, எதிராளி கைதான் சுடும். இந்த வித்தை இல்லாவிட்டால் விளையாட்டே கிடையாது.

தாழ்வாரத்திலேயே ஒருநாள் வகுப்பை வைத்தோம். நோட்டில் நடுக்கோடு போட்டு, இடப்பக்கம் "குறைஞ்சது", வலப்பக்கம் "கூடினது" என்று தலைப்பு. ஐந்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி நேரம் எடுத்து எழுதினாள். வலப்பக்கம் வரிசையாக: கொட்டை, தரை, காத்து, சத்தம். கடைசியாக, பக்கத்து பெஞ்சுக்காரன் கை. இடப்பக்கம் முதலில் "என் கை" என்று எழுதியிருந்தாள். கை எங்கிருந்து வாங்கியது என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு அதை அடித்தாள். மேலே, பள்ளிக்கூடத்தில் காலையில் போட்ட உணவை எழுதினாள்: "பொங்கல், ரெண்டு கரண்டி."