நாட்காட்டித் தாளில் பிறந்த பாட்டு

அமெரிக்கத் தொழிலாளர் கூட்டங்களில் இன்றும் ஒலிக்கும் ஒரு பாட்டு உண்டு. நீ யார் பக்கம் என்று கேட்கும் பாட்டு. 1931-இல் அதை எழுதிய புளோரன்ஸ் ரீஸ் புகழ்பெற்ற பாடகியோ கவிஞரோ அல்ல. ஒரு சுரங்கத் தொழிலாளியின் மனைவி. பாட்டு பிறந்த இடம், கென்டக்கி மாநிலத்தின் தென்கிழக்கு மூலையில் உள்ள ஹார்லன் கவுன்டி என்ற மலை மாவட்டம்.

கரிக்கு முன்பே பாட்டு

அப்பலாச்சியன் மலைகளுக்கு நடுவே 1819-இல் உருவான மாவட்டம் இது. கென்டக்கியின் மிக உயரமான பிளாக் மவுன்டன், சுமார் 1,260 மீட்டர், இங்குதான் இருக்கிறது. ஆரம்பத்தில் மக்கள் சோளமும் பீன்ஸும் பயிரிட்டு, காட்டில் வேட்டையாடி வாழ்ந்தார்கள். குளிர்காலத்துக்காக பீன்ஸை நூலில் கோத்துக் காயவைப்பார்கள். வேகவைத்த பீன்ஸும் சோள ரொட்டியும் இன்றும் அவர்கள் வீட்டுச் சாப்பாடு.

பாட்டும் அப்படித்தான், வீட்டுப் பொருள். பிரிட்டனிலிருந்து வந்த முன்னோர்களின் கதைப்பாடல்களைத் தாயிடமிருந்து பிள்ளைகள் கேட்டே கற்றார்கள். இந்த மலைகளின் சில தேவாலயங்களில் இசைக்கருவியே கிடையாது. ஒருவர் ஒரு வரியை எடுத்துக் கொடுப்பார். சபையே அதை நீட்டி இழுத்துப் பாடும். படிக்கத் தெரியாதவரும் சேர்ந்து பாடலாம்.

எல்லாமே கம்பெனி

1911 வாக்கில் ரயில் பாதை வந்தது. கூடவே நிலக்கரிக் கம்பெனிகளும் வந்தன. 1917-இல் ஓர் எஃகு நிறுவனம் லின்ச் என்ற ஊரையே கட்டி எழுப்பியது. ஐரோப்பாவிலிருந்தும், தென் மாநிலங்களின் கறுப்பின மக்களிடமிருந்தும் ஆட்கள் வேலைக்கு வந்தார்கள். இத்தகைய ஊர்களில் குடியிருக்கும் வீடு கம்பெனியுடையது. மளிகைக் கடையும் கம்பெனியுடையது. பல இடங்களில் சம்பளத்தின் ஒரு பகுதி, கம்பெனி கடையில் மட்டும் செல்லும் டோக்கனாகக் கைக்கு வந்தது. ஷெரிஃபின் ஆட்கள் பலருக்குச் சம்பளம் கொடுத்ததும் கம்பெனிகள்தாம்.

1931 பிப்ரவரியில் சம்பளம் 10 விழுக்காடு வெட்டப்பட்டது. சங்கத்தை நாடியவர்கள் வேலையோடு வீட்டையும் இழந்தார்கள். மே 5-ஆம் தேதி எவார்ட்ஸ் ஊர் அருகே நடந்த துப்பாக்கிச் சண்டையில் நால்வர் இறந்தார்கள்.

அந்த நாட்களில்தான் ஷெரிஃபின் ஆட்கள் சங்கத்துக்காரரான ரீஸின் கணவரைத் தேடி வீட்டுக்குள் புகுந்தார்கள். அவர் அங்கு இல்லை. பிள்ளைகளோடு இருந்த ரீஸ், சுவரிலிருந்த நாட்காட்டித் தாளைக் கிழித்து, பழைய மெட்டு ஒன்றுக்குப் பாட்டு எழுதினார். ஒருமுறை கேட்டாலே கூட்டம் முழுவதும் திருப்பிப் பாடக்கூடிய பல்லவி அது. 1941-இல் பீட் சீகர் இடம்பெற்ற அல்மனாக் சிங்கர்ஸ் குழு அதை இசைத்தட்டாகப் பதிவுசெய்தது. பாட்டு மலையைவிட்டு வெளியே வந்தது.

மறுபடியும், மறுபடியும்

1973-இல் புரூக்சைடு சுரங்கத்தில் வேலைநிறுத்தம் தொடங்கியது. வாசலில் மறியல் செய்யும் தொழிலாளர் எண்ணிக்கையை நீதிமன்றம் கட்டுப்படுத்தியபோது, அவர்களுடைய மனைவிமாரும் தாய்மாரும் சாலையில் வந்து நின்றார்கள். போராட்டம் 13 மாதம் நீடித்தது. 1974-இல் இளம் தொழிலாளி ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகே ஒப்பந்தம் கையெழுத்தானது. பார்பரா கோப்பிள் இதைப் படமாக்கிய 'ஹார்லன் கவுன்டி, யு.எஸ்.ஏ.' சிறந்த ஆவணப்படத்துக்கான ஆஸ்கார் விருது பெற்றது. நாற்பது ஆண்டுகளுக்குப் பின் ரீஸ் அதே பாட்டைத் தம் குரலில் பாடுவதை அந்தப் படத்தில் நீங்கள் கேட்கலாம்.

2019 ஜூலையில் பிளாக்ஜுவல் நிறுவனம் திவாலானது. தொழிலாளர்களுக்குக் கொடுத்த சம்பளக் காசோலைகள் திரும்பின. கம்பர்லண்ட் ஊர் அருகே அவர்கள் குடும்பத்தோடு தண்டவாளத்தில் கூடாரம் போட்டு உட்கார்ந்து, கரி ஏற்றிய ரயிலை மறித்தார்கள். வர வேண்டிய சம்பளத்தைக் கொடுக்க வேண்டும் என்பதே அவர்களின் கோரிக்கை.

இன்று அந்த மாவட்டத்தில் ஆட்கள் குறைவு. 1940-இல் 75,000 பேருக்கு மேல் இருந்தார்கள். 2020 கணக்கெடுப்பில் 27,000-க்கும் குறைவு. இயந்திரம் வந்து ஆட்களைக் குறைத்தது. பிறகு கரிக்கான தேவையும் சரிந்தது. கரித்தூள் பல முதியவர்களின் நுரையீரலில் தங்கிவிட்டது. பெனம் ஊரில் பழைய கம்பெனி கடை இப்போது நிலக்கரி அருங்காட்சியகம். மின்கட்டணத்தை மிச்சப்படுத்த 2017-இல் அதன் கூரைமேல் சூரிய மின்தகடுகள் பொருத்தினார்கள்.

கடையும் வீடும் டோக்கனும் கம்பெனியுடையவை. பாட்டு மட்டும் அவர்களுடையது. நிலைத்ததும் அதுதான்.