ஆளில்லா வானூர்தியின் தொடர்பும் இடங்காட்டலும்

ட்ரோன் எனப்படும் ஆளில்லா வானூர்தி, பயிரின் நிலையை மேலிருந்து நோக்குவதற்கும் மருந்து தெளிப்பதற்கும் இப்பொழுது கமத்தொழிலிற் பயன்பட்டு வருகின்றது. அது செவ்வனே இயங்குவதற்கு இரண்டு இன்றியமையாதன. ஒன்று, ஊர்திக்கும் கமக்காரர் கையிலுள்ள திரைக்கும் இடையேயுள்ள தொடர்பு. மற்றது, ஊர்தி தான் நிற்கும் இடத்தைச் சரியாக அறிதல். தொடர்பு நன்றாக இருக்கும்போதே இடம் பிழைக்கலாம். ஆகையால் இவ்விரண்டையும் தனித்தனியே சோதித்த பின்னரே ஊர்தியை எழுப்புதல் வேண்டும்.

இடம் பிழைப்பதால் வரும் நட்டம்

நெல்வயலில் அகன்ற இலைக் களைகளை அழிக்கும் எம்.சி.பி.ஏ. போன்ற களைநாசினி சில மீற்றர் விலகி விழுந்தாலும், அடுத்த காணியிலுள்ள தக்காளி, கத்தரி, மிளகாய் ஆகிய பயிர்களின் இலைகள் சுருண்டு விளைவு கெடும். நெல்லும் மரக்கறியும் ஒரே வரம்பின் இருபுறமும் நிற்கும் இடங்களில் இது பெருநட்டமாகும்.

தொடர்பு கிடையாதபோது

சிறிய ஊர்திகள் பலவற்றிற்குக் கைத்தொலைபேசியே திரையாகும். தெளிக்கும் ஊர்திகள் பலவற்றில் இயக்கு கருவியிலேயே திரை அமைந்துள்ளது. தொலைபேசியைப் பயன்படுத்துவோர் பின்வருவனவற்றை முறையே கவனித்தல் வேண்டும்.

1. ஊர்தி, இயக்கு கருவி, தொலைபேசி ஆகிய மூன்றின் பற்றரிகளும் நிறைந்திருத்தல் வேண்டும்.

2. இணைக்கும் கம்பி தரவைக் கடத்துவதாக இருத்தல் வேண்டும். மின்னேற்றுவதற்கு மாத்திரம் உதவும் கம்பிகளும் உள. அவை இதற்குப் பயன்படா.

3. வைஃபை மூலம் இணையும் ஊர்தியாயின், அதில் இணையம் இல்லாமையால் தொலைபேசி தானாகவே அதனை விட்டு விலகக்கூடும். அப்போது தொலைபேசியின் இணையத் தரவை நிறுத்தி மீண்டும் இணைத்தல் வேண்டும்.

4. இருப்பிடத்தை அறியும் அனுமதியைச் செயலிக்கு வழங்குதல் வேண்டும். அது மறுக்கப்பட்டால் சில செயலிகள் ஊர்தியுடன் இணையமாட்டா.

5. செயலியையும் ஊர்தியின் மென்பொருளையும் புதுப்பிக்கும் வேலையை முதல்நாள் வீட்டிலேயே முடித்துக்கொள்ளல் நன்று.

இடம் பிழையாகத் தோன்றும்போது

திரையில் வரைபடம் வெறுமையாகத் தோன்றினால் அஞ்ச வேண்டியதில்லை. படம் இணையத்தின் வழியாக வருவது; இடம் செய்மதிகளிலிருந்து வருவது. படத்தை முன்னரே தொலைபேசியில் இறக்கி வைத்தால் இக்குறை நீங்கும். திரையில் தோன்றும் புள்ளி ஊர்தியின் இடமா, தொலைபேசியின் இடமா என்பதையும் தெரிந்துகொள்ளல் வேண்டும்.

ஜி.பி.எஸ். செய்மதிகள் ஏறக்குறைய 20,200 கிலோமீற்றர் உயரத்தில் உலகைச் சுற்றுகின்றன. இடத்தையும் உயரத்தையும் கணிக்கக் குறைந்தது 4 செய்மதிகளின் அலைகள் வேண்டும். கூடுதலாகக் கிடைப்பின் கணிப்புத் திருந்தும். ஆகவே தென்னை, பனை, தகரக் கூரை ஆகியவற்றை விட்டு விலகி, திறந்த வெளியில் ஊர்தியை வைத்துச் சில நிமிடங்கள் பொறுத்திருத்தல் வேண்டும். நெடுநாட் பயன்படுத்தாத ஊர்திக்கு இன்னுங் கூடிய நேரம் செல்லும்.

ஊர்தியின் முகம் நோக்கும் திசையும் திரையிற் காட்டப்படும் திசையும் மாறுபட்டால், திசைகாட்டி பிழைத்துள்ளது எனக் கொள்க. உழவு இயந்திரம், இரும்புக் கம்பியிட்ட கொங்கிறீற்று மதகு ஆகியவற்றின் அருகே இப்பிழை நேரும். அவ்விடத்தை விட்டு விலகித் திசைகாட்டியைச் சரிப்படுத்துக.

சாதாரண ஜி.பி.எஸ். கணிப்பில் சில மீற்றர் பிழை இயல்பு. நிலத்திலுள்ள நிலையத்தின் துணையுடன் திருத்தும் ஆர்.டி.கே. முறையில் அது சில சென்ரிமீற்றராகக் குறையும். ஆயினும் திருத்தமின்றி அளந்த எல்லையைக் கொண்டு திருத்தத்துடன் பறந்தால் முழுத் தெளிப்பும் ஒருபுறம் விலகும். அளப்பதும் பறப்பதும் ஒரே முறையில் நடைபெறல் வேண்டும். மரக்கறித் தோட்டத்தை அடுத்துள்ள வரம்போரத்தை விட்டுவைத்துக் கைத்தெளிகருவியால் தெளித்தல் நலம்.

திருகோணமலையிற் கவனிக்க வேண்டியவை

செய்மதி அலைகள் போதிய அளவு கிடைக்குமுன் எழும்பிய ஊர்தி, புறப்பட்ட இடத்தைப் பிழையாகப் பதிவு செய்யக்கூடும். பின்னர் திரும்பி வரும்படி ஏவினால் அது அந்தப் பிழையான இடத்தையே நாடும். இடமறியா ஊர்தியைக் காற்றும் அடித்துச் செல்லும். சிறுபோகத்திற் கச்சான் காற்று வீசும்போது, தம்பலகாமம், கிண்ணியா, மூதூர் முதலிய கரையோர வயல்களில் எழும்பிய ஊர்தி குடாவையோ கடலையோ நோக்கி இழுபடக்கூடும். சீனக்குடாவில் விமானத்தளமும் துறைமுகத்திற் கடற்படைத் தளமும் இருத்தலால், வழிதவறிய ஊர்தி சட்டச் சிக்கலையும் உண்டாக்கும். இலங்கைச் சிவில் விமான சேவைகள் அதிகாரசபையின் விதிகளை அறிந்து, வேண்டிய அனுமதிகளைப் பெற்ற பின்னரே பறக்கவிடல் வேண்டும்.

பறக்கும்போது குறை நேர்ந்தால்

இடம் தவறினால் முதலில் தெளிப்பை நிறுத்துக. பின்னர் ஊர்தியைக் கண்ணால் நோக்கி, காற்றுக்கு எதிராகச் செலுத்தி, ஆளில்லாத இடத்தில் இறக்குக. தொலைபேசித் திரை மாத்திரம் நின்றுவிட்டால், பெரும்பாலான ஊர்திகளை இயக்கு கருவியாலேயே இறக்கலாம். ஊர்தி நிலத்தை அடையும்வரை தொலைபேசியைத் திருத்த முயலுதல் கூடாது.

எழுப்புமுன் சில நிமிடங்கள் பொறுப்பதால் வேலை கெடாது. பொறாது எழுப்பினால் அயலவரின் ஒரு போக விளைவே கெடலாம். ஐயம் ஏற்படின் அப்பகுதி விவசாயப் போதனாசிரியரின் ஆலோசனையைப் பெறுக.