தாத்தா காரைக் காப்பாற்றும் சின்ன ரப்பர்!

தாத்தாவின் ஸ்டாண்டர்டு ஹெரால்டு இன்னும் வீட்டில் நிற்கிறதா? பிரிட்டனின் ட்ரையம்ப் ஹெரால்டுதான் 1961 முதல் சென்னையில் இந்தப் பெயரில் தயாரானது. அதன் அடிச்சட்டத்தைக் குறுக்கி உருவாக்கிய ஸ்போர்ட்ஸ் கார்தான், 1962-ல் வந்த ஸ்பிட்ஃபயர்.

கடலூரில் கிளம்பி சிதம்பரம் சேர்வதற்குள் வண்டி திணறுகிறதா? பெட்ரோலையும் குடிக்கிறதா? கார்புரேட்டரிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் மெல்லிய வேக்குவம் குழாயைப் பாருங்கள். சீரான வேகத்தில் தீப்பொறியைச் சற்று முன்கூட்டியே விழவைப்பது அதன் உறிஞ்சு விசைதான். முனைகளிலுள்ள ரப்பர் இணைப்புகள் இன்ஜின் சூட்டில் இறுகி வெடித்தால், காற்று புகுந்து அந்த விசை போய்விடும்.

இன்ஜின் ஆறியதும், பெட்ரோல் ஆவியைத் தாங்கும் அதே அளவு புது ரப்பரை இறுக்கமாக மாட்டுங்கள். ஒட்டுப்போட வேண்டாம். அப்படியும் சரியாகவில்லை என்றால், டிஸ்ட்ரிபியூட்டரின் டயஃப்ரம் கிழிந்திருக்கலாம், மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

காயலான் கடைக்கு அனுப்பும் முன் இதைப் பார்த்துவிடுங்கள்!