"அவர்" என்று ஒரு சொல்

சென்ற வாரம் பூக்கடையில் நின்றுகொண்டிருந்தேன். கூட என் ஐந்து வயதுப் பெண். பக்கத்தில் ஒரு திருநங்கை இரண்டு முழம் மல்லிகை வாங்கிக்கொண்டிருந்தார்.

"அம்மா, அது யாரு?" என்று உரக்கக் கேட்டுவிட்டாள் குழந்தை.

எனக்கு முகம் சுண்டிப் போயிற்று. குழந்தையைக் கோபித்து என்ன பயன்? அந்த "அது" என் வீட்டுக் கூடத்திலிருந்து போனதுதானே!

பள்ளிக்கூடத்தில் படித்த இலக்கணம் நினைவிருக்கிறதா, சகோதரிகளே? மனிதர் உயர்திணை, மாடும் மேஜையும் அஃறிணை. ஆண், பெண் என்ற பிரிவில் நேராக அடங்காதவர்களை எங்கே வைப்பது என்று தொல்காப்பியரும் யோசித்திருக்கிறார். அவர்களுக்கென்று தனி விகுதி இல்லை. உயர்திணைக்கு உரிய விகுதிகளையே ஏற்பார்கள் என்று சொல்லிவிட்டார். அவர் உயர்திணையில் உட்கார வைத்தவர்களை நாம் "அது" என்ற ஒரே சொல்லால் கீழே தள்ளிவிடுகிறோம்!

புதுச் சொல் தேடி அலையவும் வேண்டாம். உங்கள் கணவர் "அவர்". மாமியாரும் "அவர்"தான். ஆணா பெண்ணா என்று கேட்காமலே மரியாதை தரும் சொல் இது. ஆணென்றும் பெண்ணென்றும் தம்மைக் கருதாதவர்களுக்கும் இது பொருந்தும். பேச்சிலே "அவங்க" என்றால் போதும்.

பெயர்ச் சொற்களும் மாறி வந்திருக்கின்றன. முன்பு "அரவாணி" என்றார்கள். பிறகு "திருநங்கை" வழக்கத்துக்கு வந்தது. பெண்ணாகப் பிறந்ததாகக் கருதப்பட்டு, ஆணாக வாழ்பவர் "திருநம்பி". 2008-இல் தமிழக அரசு இவர்களுக்கென நல வாரியம் அமைத்தது. 2014-இல் உச்ச நீதிமன்றம், தாம் ஆணா, பெண்ணா, மூன்றாம் பாலினமா என்பதை அவரவரே சொல்லும் உரிமையை ஏற்றுத் தீர்ப்பளித்தது. 2019-இல் பரதநாட்டியக் கலைஞர் நர்த்தகி நடராஜுக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. பத்திரிகைக்காரர்களாகிய எங்களுக்கும் பாடம் உண்டு: எந்தச் சொற்களை எழுதலாம் என்று தமிழக அரசு 2022-இல் ஒரு சொற்பட்டியலையே அரசிதழில் வெளியிட்டது.

எப்படி அழைப்பது என்று தெரியவில்லையா? பெயரைக் கேளுங்கள். அவர் சொல்லும் பெயரே அவர் பெயர். "முன்னால் என்ன பெயர்?" என்று துருவ வேண்டாம். "ங்க" சேர்த்துப் பேசுங்கள். தவறிவிட்டால் ஒரு "மன்னிக்கணும்" போதும். அதையே பெரிய பேச்சாக்க வேண்டாம்.

பூக்கடையில் என்ன ஆயிற்று என்கிறீர்களா? "அது இல்லை கண்ணு, அவங்க," என்றேன். குரல் எழும்பவில்லை. அவர் திரும்பி, "உன் பேரு என்னம்மா?" என்று குழந்தையைக் கேட்டார். இவள் சொன்னாள். பிறகு, "உங்க பேரு?" என்று தானே கேட்டாள். அவரும் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் பாட்டியிடம் ஓடினாள். "பாட்டி, பூக்கடையிலே ஒரு அக்கா வந்திருந்தாங்க!"

இந்தப் பாடத்தை நான் அல்லவா முதலில் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும்?