பெரிய ஹம்மிங்பறவை ஒன்றல்ல, இரண்டு

மூன்று ஐந்து ரூபாய் நாணயங்களைக் கையில் வைத்துப் பாருங்கள். தென் அமெரிக்காவின் பெரிய ஹம்மிங்பறவை ஏறக்குறைய அவ்வளவுதான் கனக்கும், 20 கிராம். அந்தக் குடும்பத்தில் அதுவே ராட்சதன். கியூபாவில் வாழும் தம்பி சுமார் 2 கிராம்தான். நம் வீட்டுச் செம்பருத்தியில் தேன் குடிக்க வரும் தேன்சிட்டு இந்தக் குடும்பமே அல்ல. ஹம்மிங்பறவைகள் அமெரிக்கக் கண்டங்களைத் தாண்டி எங்கும் கிடையாது.

1834-இல் சிலி நாட்டின் வால்பரைசோ பக்கம் பெரிய ஹம்மிங்பறவையைப் பார்த்த டார்வின், பூவின் முன் நின்றபடி இது சிறகை நிதானமாக, பலமாக அடிப்பதைக் கண்டு வியந்தார். வினாடிக்குச் சுமார் 15 அடி. சின்ன ஹம்மிங்பறவைகள் 50-ஐச் சுலபமாகத் தாண்டும். வயிற்றைத் திறந்து பார்த்தால் உள்ளே பூச்சிகள்! தேன் மட்டும் குடித்து உயிர் வாழ முடியாது அல்லவா? வடக்கே வறண்ட பாலைநிலங்களிலிருந்து குஞ்சு பொரிக்க இங்கே வருகிறது போலும் என்றும் ஊகித்தார்.

திசை சரி. ஆனால் எந்த இடம்? 2024-இல் ஜெஸ்ஸி வில்லியம்சனும் சகாக்களும் வெளியிட்ட ஆய்வுதான் அதைச் சொன்னது. ஒரு கிராமுக்கும் குறைந்த எடையுள்ள, வெளிச்சத்தின் அளவைப் பதியும் கருவிகளைப் பறவைகளின் முதுகில் கட்டி விட்டார்கள். சூரியன் எழும், மறையும் நேரத்தைக் கருவி குறித்துக்கொள்ளும். அதிலிருந்து பறவை இருந்த இடத்தைக் கணக்கிடலாம். சிக்கல் என்னவென்றால், அதைப் படிக்க அதே பறவையை மறுபடியும் வலையில் பிடிக்க வேண்டும். ஒருமுறை வலையில் விழுந்த பறவை மறுமுறை சும்மா வந்து விழுமா? இந்த ஆய்வில் நான் மிகவும் மதிப்பது அந்தப் பொறுமையைத்தான். வேறு சில பறவைகளைச் செயற்கைக்கோள் வழியாகவும் தொடர்ந்தார்கள்.

தெரிய வந்தது இது: சிலியின் கடலோரத்திலிருந்து பெருவின் ஆண்டிஸ் மலைகளுக்குப் போய்த் திரும்ப 8,300 கிலோமீட்டருக்கு மேல். ஏறும் உயரம் சுமார் 4,100 மீட்டர். அதை ஒரே மூச்சில் ஏறுவதில்லை. கொஞ்சம் ஏறி, சில நாள் தங்கி, மறுபடி ஏறி, மூன்று வாரம் எடுத்துக்கொள்கின்றன. அதற்குள் ரத்தத்தில் ஹீமோகுளோபின் கூடிவிடுகிறது. இமயமலை ஏறுபவர்களும் செய்வது இதையேதான். பறவைக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

மேலே போனால் அங்கே ஏற்கெனவே ஒரு பெரிய ஹம்மிங்பறவை ஆண்டு முழுவதும் குடியிருக்கிறது. பார்வைக்கு அதே பறவை. மரபணுவைப் பார்த்தபோதோ, இரண்டும் பிரிந்து இருபது லட்சம் ஆண்டுகளுக்கும் மேல் ஆகியிருந்தது; ஒன்றின் மரபு மற்றொன்றில் கலக்க உறுதியான தடையும் இருந்தது. ஆகவே தெற்கத்தியது, வடக்கத்தியது என்று இரண்டு இனங்கள். 'உலகிலேயே பெரியது' என்ற பட்டம் ஊரைவிட்டு நகராத வடக்கத்தியதற்கே போனது. இத்தனை தூரம் பறந்தவனுக்குக் கொடுத்திருக்கலாம் என்று எனக்கு ஓர் ஆதங்கம்.

பைனாகுலரை நம்பிப் பிழைக்கும் என்னைப் போன்றவர்களுக்கு இது சங்கடம். அளவிலும் நிறத்திலும் உள்ள வேறுபாடு கண்ணுக்குப் பிடிபடாத அளவு நுண்மையானது. சிலியின் கடலோரத்தில் பார்த்தால் தெற்கத்தியது என்று தைரியமாக எழுதலாம். ஜூலை மாதம், பெருவின் மலையில், ஒரே செடியில் இரண்டு நின்றால், குறிப்பேட்டில் கேள்விக்குறிதான் போடுவேன்.