வாடகையா, சொந்தமா?

ஓய்வுக்காலக் குடியிருப்புகளில் முதுமைக்கு முன்பே இடம் தேடுகிறது நடுத்தர வர்க்கம். ஆனால் அங்கே விலைக்குக் கிடைப்பது பாதி வீடுதான். மீதிப் பாதி, மாதாமாதம் நம்பவேண்டிய சேவை.

முதியோர் இல்லம் என்றாலே முகம் சுளித்த தலைமுறை ஒன்று இருந்தது. பிள்ளைகள் கைவிட்டவர்கள் போய்ச் சேரும் இடம் என்று அதற்குப் பெயர். அந்தப் பெயர் இன்னும் முழுதாக அழியவில்லை. ஆனால் அதன் பக்கத்திலேயே வேறொன்று வளர்ந்துவிட்டது. கோவையில் வடவள்ளியைச் சுற்றிலும், புனேயிலும், டெல்லிக்கு அருகே ராஜஸ்தான் எல்லையில் உள்ள பிவாடியிலும் ஓய்வுக்காலக் குடியிருப்புகள் எழுந்துள்ளன. இங்கே பெற்றோரைப் பிள்ளைகள் கொண்டுவந்து விடுவதில்லை. பெற்றோரே, பலர் வேலையில் இருக்கும்போதே, விளம்பரத் தாளும் கையுமாக வந்து பார்க்கிறார்கள்.

இதற்குப் பின்னால் இருப்பது எண்ணிக்கை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் 60 வயதைத் தொட்டவர்கள் சுமார் 10.4 கோடி. ஐ.நா. மக்கள்தொகை நிதியம் 2023இல் வெளியிட்ட அறிக்கையின் கணிப்புப்படி, 2050இல் இது 34.7 கோடியாகும். அதாவது ஐந்து இந்தியர்களில் ஒருவர் முதியவர். அவர்களில் பெரும்பாலோருக்கு இந்தக் குடியிருப்புகள் எட்டாக்கனி. ஓய்வூதியமோ சேமிப்போ உள்ள, பிள்ளைகள் வெளியூரிலோ வெளிநாட்டிலோ இருக்கிற குடும்பங்கள்தான் இவற்றின் வாடிக்கையாளர்கள். பல இடங்களில் தம்பதியரில் ஒருவருக்கு 50 அல்லது 55 வயதாகியிருந்தாலே போதும். எனவே கேள்வி சீக்கிரமே வந்துவிடுகிறது: இப்போதே வாங்கிப் போடுவதா, வாடகைக்குப் போய்ப் பார்ப்பதா?

எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்று வளர்ந்தவர்களுக்கு வாடகை என்ற சொல்லே கௌரவக் குறைவாகப் படும். 35 வயதில் கடன் வாங்கி வீடு கட்டியபோது அந்த எண்ணம் பலன் தந்தது. 60 வயதில் கணக்கு வேறு.

ரூ. 60 லட்சத்துக்கு இரண்டு வழிகள்

உதாரணத்துக்கு ரூ. 60 லட்சம் விலையுள்ள வீடு ஒன்றை எடுத்துக்கொள்வோம். முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். இரண்டும் சேர்ந்து 7 சதவிகிதம் என்று வைத்தால் ரூ. 4.2 லட்சம். கட்டி முடியாத வீடு என்றால் 5 சதவிகித ஜி.எஸ்.டி. வேறு, அது ரூ. 3 லட்சம். பணி நிறைவுச் சான்றிதழ் பெற்ற பிறகு வாங்கினால் அந்த வரி இல்லை. ஆக, முடிந்த வீட்டுக்கே ரூ. 64.2 லட்சம் கையை விட்டுப் போகிறது.

அதே வளாகத்தில் அதே அளவு வீடு மாதம் ரூ. 15,000 வாடகைக்குக் கிடைக்கிறது என்று கொள்வோம். ஆண்டுக்கு ரூ. 1.8 லட்சம், வீட்டு விலையில் 3 சதவிகிதம். ரூ. 64.2 லட்சத்தை 7 சதவிகித வட்டியில் போட்டு வைத்தால் ஆண்டுக்குச் சுமார் ரூ. 4.49 லட்சம் வரும். வாடகை போக ரூ. 2.69 லட்சம் மிச்சம். அதில் வருமான வரி கழியும் என்றாலும் முதல் பார்வையில் வாடகையே ஜெயிக்கிறது.

ஆனால் ஆண்டுகள் ஓட ஓடக் காட்சி மாறும். வாடகை ஆண்டுக்கு 5 சதவிகிதம் ஏறினால் 15 ஆண்டு கழித்து அது ரூ. 31,000ஐத் தாண்டும். வட்டியோ மாதம் சுமார் ரூ. 37,000 என்ற இடத்திலேயே நிற்கும். வரி கழிந்தால் மிச்சம் சொற்பம். அசலின் மதிப்பையும் விலைவாசி தின்றிருக்கும். சொந்த வீட்டுக்காரருக்கு இந்தக் கவலை இல்லை. வீட்டின் விலையும் ஓரளவு ஏறியிருக்கலாம். சுருக்கமாகச் சொன்னால், ஐந்தாண்டுக்குள் கிளம்பிவிடக் கூடியவருக்கு வாடகை லாபம். 15 ஆண்டும் அதே இடத்தில்தான் என்று உறுதியாகத் தெரிந்தவருக்குச் சொந்தம் லாபம். அந்த உறுதி 58 வயதில் யாருக்கு இருக்கிறது என்பதுதான் பிரச்னை.

50 வயதில் வாங்கிப் பூட்டி வைத்துவிட்டு 60இல் குடிபோகலாம் என்பவர்கள் இன்னொரு செலவையும் கணக்கில் சேர்க்க வேண்டும். பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கும் பராமரிப்புக் கட்டணம் உண்டு. மாதம் ரூ. 6,000 என்றால், அது ஒரு பைசாகூட ஏறாது என்று வைத்தாலும், பத்தாண்டில் ரூ. 7.2 லட்சம். வாடகைக்கு விடலாம் என்றால் வயது வரம்பு குறுக்கே நிற்கும். குடிவருபவரும் அந்த வயதை எட்டியிருக்க வேண்டும். விற்கப் போனாலும் அதே கதை. வாங்குவோர் வட்டம் சிறியது. நிர்வாகத்தின் சம்மதமும் மாற்றுக் கட்டணமும் வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருக்கலாம். மகனோ மகளோ வாரிசாக வீட்டைப் பெறலாம். ஆனால் வயது வரம்பை எட்டும்வரை அங்கே குடியிருக்க முடியாமல் போகலாம்.

பத்திரத்தில் இல்லாத பாதி

ஓய்வுக்காலக் குடியிருப்புக்குப் போகிறவர்கள் நான்கு சுவருக்காகப் போவதில்லை. மூன்று வேளைச் சாப்பாடு, துப்புரவு, இரவுக் காவல், கட்டிலோரத்தில் அபாய மணி, அதை அழுத்தினால் ஓடிவரும் நர்ஸ் ஆகியவற்றுக்காகப் போகிறார்கள். கிரயப் பத்திரம் வீட்டுக்குத்தான் உண்டு. இவற்றுக்கு இருப்பது சேவை ஒப்பந்தம் மட்டுமே. கட்டியவர் விலகிக்கொள்ளலாம். சேவை நிறுவனம் மாறலாம். செலவைக் குறைக்கக் குடியிருப்போர் சங்கமே தீர்மானம் போடலாம்.

கட்டணமும் நின்ற இடத்தில் நிற்காது. சாப்பாடும் பராமரிப்பும் சேர்த்து தம்பதிக்கு மாதம் ரூ. 25,000 என்று தொடங்கினால், ஆண்டுக்கு 8 சதவிகித ஏற்றத்தில் ஒன்பது ஆண்டில் அது ரூ. 50,000 ஆகும். 18 ஆண்டில் ரூ. 1 லட்சம். 60 வயதில் நுழைந்தவருக்கு அப்போது 78. அகவிலைப்படியோடு வரும் அரசு ஓய்வூதியம் இதற்கு ஓரளவு ஈடுகொடுக்கும். வருங்கால வைப்பு நிதி நிறுவனம் தரும் ஓய்வூதியத்துக்கு அகவிலைப்படி கிடையாது. கையிருப்பையெல்லாம் வீட்டில் கொட்டிவிட்டவர், சொந்த வீட்டில் உட்கார்ந்துகொண்டு மாதக் கட்டணத்துக்குத் திணற நேரும். வாடகைக்காரரும் இதே கட்டணத்தைத்தான் கட்டுகிறார். ஆனால் அவருடைய அசல் கையில் இருக்கிறது. மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தின் வரம்பு 2023இல் ரூ. 15 லட்சத்திலிருந்து ரூ. 30 லட்சமாக உயர்த்தப்பட்டது. தகுதியுள்ள கணவனும் மனைவியும் தனித்தனியே கணக்கு வைத்தால் ரூ. 60 லட்சம்வரை அதில் போடலாம்.

சேவையின் தரத்தை விளம்பரத் தாளைப் பார்த்து எடைபோட முடியாது. விருந்தினர் அறையில் ஒரு வாரம் தங்கினாலும் தெரியாது. ஒரு வாரத்துக்கு எந்தச் சாப்பாடும் ருசிக்கும். ஒரு கோடை, ஒரு அடைமழை, பிள்ளைகள் வராத ஒரு தீபாவளி, நள்ளிரவில் ஒரு நெஞ்சுவலி இவற்றை அங்கே கடந்தால்தான் தெரியும். அக்கம்பக்கத்தாரோடு எந்த மொழியில் பேசுவது, மாலையில் யாரோடு நடப்பது என்பதும் அப்படித்தான். இதற்கு ஓராண்டாவது வேண்டும். அந்த ஓராண்டை வாடகையில் கழிப்பதே மலிவு.

நடமாட்டம் குறையும்போது

வாங்கும் முன் அதிகம் பேர் கேட்கத் தயங்கும் கேள்வி ஒன்று உண்டு: எனக்கே என்னைத் தெரியாமல் போனால் என்ன செய்வீர்கள்? 2023இல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு ஒன்று, 60 வயதைக் கடந்த இந்தியர்களில் 7.4 சதவிகிதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, மறதிநோய் இருப்பதாக மதிப்பிட்டது. ஆனால் இந்தக் குடியிருப்புகளில் பல, தானே நடமாடித் தன் வேலையைத் தானே செய்துகொள்பவர்களை மனதில் வைத்துக் கட்டப்பட்டவை. படுத்த படுக்கையானவருக்கும் மறதிநோயாளிக்கும் வளாகத்துக்குள்ளேயே தனிப் பிரிவு இருக்கிறதா, ஆள் வைத்துக்கொள்ள அனுமதி உண்டா, வெளியேறச் சொல்லும் உரிமை நிர்வாகத்துக்கு உண்டா? இவற்றை வாய்வார்த்தையாகக் கேட்டால் போதாது, ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டும். பதில் சாதகமாக இல்லையென்றால், ஒரு நாள் பூட்டிய சொந்த வீட்டுக்கும் வேறிடத்துப் பராமரிப்பு இல்லத்துக்கும் சேர்த்துப் பணம் கட்ட வேண்டியிருக்கும்.

சட்டம் ஓரளவுக்குத் துணை நிற்கிறது. 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி, ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் விலையில் 10 சதவிகிதத்துக்கு மேல் முன்பணம் வாங்கக்கூடாது. வாங்குவோர் தரும் பணத்தில் 70 சதவிகிதத்தைத் தனிக் கணக்கில் வைக்க வேண்டும். கட்டுமானக் குறைகளை ஐந்தாண்டுவரை கட்டியவரே சரிசெய்ய வேண்டும். ஓய்வுக்கால வீடுகளுக்கென்றே மத்திய வீட்டு வசதி அமைச்சகம் 2019இல் மாதிரி வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. கட்டுபவர், சேவை தருபவர், வாங்குபவர் என்று முத்தரப்பு ஒப்பந்தத்தை அது முன்வைத்தது. மகாராஷ்டிரத்தின் ஒழுங்குமுறை ஆணையம் 2024இல் முதியோர் குடியிருப்புகளுக்கான குறைந்தபட்ச அம்சங்களை வகுத்தது. சக்கர நாற்காலி நுழையும் வாசல், லிஃப்ட், சாய்தளம், கைப்பிடி ஆகியவை அதில் அடக்கம். இவையெல்லாம் கட்டடத்துக்குக் காவல். பத்தாம் ஆண்டில் சமையலறை எப்படி நடக்கும் என்பதற்கு எந்தச் சட்டமும் பொறுப்பேற்பதில்லை.

தனித்து நிற்பவர்

இவ்வளவும் வாடகைக்குச் சாதகம். எதிர்வாதமும் வலுவானது. வாடகை ஒப்பந்தம் பெரும்பாலும் 11 மாதத்துக்குத்தான். வெளிநாட்டில் இருக்கும் வீட்டுக்காரர் ஒரு நாள் விற்க முடிவெடுக்கலாம். 62 வயதில் அது ஒரு தொல்லை. மூட்டை கட்டிக்கொண்டு அடுத்த கட்டடத்துக்குப் போகலாம். 80 வயதில், துணையும் போன பிறகு, அது இடி. இந்தியக் குடும்பங்களில் மனைவி பெரும்பாலும் வயதில் இளையவர். தனித்து விடப்படுபவரும் பெரும்பாலும் அவர்தான். வாடகையா, சொந்தமா என்ற முடிவை அவருடைய 80ஆவது வயதிலிருந்து பின்னோக்கிப் பார்த்து எடுப்பதே நியாயம்.

சொந்த வீட்டுக்கு இன்னொரு பலமும் உண்டு. 2008 முதல் நடைமுறையில் உள்ள தலைகீழ் அடமானத் திட்டத்தில், 60 வயதைக் கடந்த வீட்டுக்காரர்கள் வீட்டை வங்கியிடம் ஈடு வைத்து, அதிலேயே குடியிருந்துகொண்டு பணம் பெறலாம். இதற்குத் தெளிவான பட்டா-பத்திர உரிமை வேண்டும். ஒரு பெருந்தொகையை வைப்பாகக் கொடுத்து ஆயுள் முழுதும் குடியிருக்கும் முறை சில இடங்களில் இருக்கிறது. அதில் இந்த வசதி எதிர்பார்க்க முடியாது. அந்த முறையில் சேர்கிறவர்கள் இரண்டு விஷயங்களை எழுத்தில் வாங்க வேண்டும். ஒருவர் காலமானால் குடியிருக்கும் உரிமை மற்றவருக்குத் தொடருமா? வைப்புத் தொகையில் எவ்வளவு, எத்தனை நாளில், யாருக்குத் திரும்பும்?

அவசரப்பட்டுப் பழைய வீட்டை விற்றுவிட்டு வருகிறவர்களுக்கு வரிச் சட்டத்தில் ஒரு சலுகையும் ஒரு கண்ணியும் இருக்கின்றன. பழைய வீட்டை விற்றுக் கிடைத்த நீண்டகால லாபத்தில் புது வீடு வாங்கினால் மூலதன லாப வரியிலிருந்து விலக்கு உண்டு. வாங்குவதற்கு விற்ற நாளிலிருந்து இரண்டு ஆண்டு அவகாசம். அதுவரை, வரிக் கணக்குத் தாக்கல் செய்யும் கெடுவுக்குள் பணத்தை வங்கியில் மூலதன லாபக் கணக்கில் போட்டு வைக்க வேண்டும். ஆக, ஓராண்டு வாடகையில் இருந்து பார்க்கச் சட்டமே நேரம் தருகிறது. கண்ணி இதுதான்: புது வீடு பிடிக்கவில்லை என்று மூன்றாண்டுக்குள் விற்றால் அந்த விலக்கு பறிபோகும்.

இன்னும் பாதுகாப்பான வழி, முதல் ஆண்டில் பழைய வீட்டை விற்காமலே இருப்பது. அதை வாடகைக்கு விட்டால் புது இடத்து வாடகையில் பெரும்பகுதியை அது கட்டிவிடும். பிடிக்காவிட்டால் திரும்பிப் போகவும் ஓர் இடம் இருக்கும்.

ஆகவே சீக்கிரம் போக நினைப்பவர்கள் போகலாம்; சீக்கிரம் வாங்க வேண்டியதில்லை. 60 வயதில் வாடகை, இடமும் மனிதர்களும் ஒத்துவந்தால் 70க்குள் கிரயம் என்பதே பெரும்பாலோருக்குப் பொருந்தும் வரிசை. அதற்கு முன் கடைசி மூன்று ஆண்டுகளின் பராமரிப்புக் கணக்கு, அவசரகாலச் சேமிப்பு நிதியின் இருப்பு, சேவை ஒப்பந்தத்தின் மீதிக் காலம் மூன்றையும் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும். காட்டத் தயங்கும் நிர்வாகத்திடம் வாங்க வேண்டாம். பத்திரம் எழுதும்போது இருவர் பெயரிலும் எழுதுங்கள். உயிலையும் அதே வாரத்தில் எழுதிவிடுவது நல்லது.